சூலம் இல்லாத கை

தம்பி,

அப்பா கொண்டுவந்த நீல டப்பாவில் இருப்பது நெத்திலி சம்பல். அதை முதலில் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து இதைப் படி. நான் எழுதி நீ படிப்பது இதுதான் முதல் தடவை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். "நீ பேச ஆரம்பிச்சா நான் 'ம்' போடறதுக்குக்கூட எடம் இல்லம்மா" என்று போன மாதம்கூட நீதான் சொன்னாய். பேசினால் நான் எங்கேயோ தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரி பூனையில் போய் நிற்பேன். நடுவில் அழுதும் தொலைப்பேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டு பேருக்கும் தப்பிக்க வழியில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் கை இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் கதவு மூடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டாய். "தாரணிய நான் கட்டிக்கலாமாம்மா? இப்ப சொல்லாத. யோசிச்சு சொல்லு. ஆனா இந்தத் தடவ ஜாதகத்த பேச விடாத. நீ பேசு." நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்குப் பதில்தான் இது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்காதே. நான் எந்த வழியில் நடந்து வந்தேனோ, அந்த வழியிலேயே நீயும் வா. உன் அம்மாவுக்குக் குறுக்கு வழி தெரியாது.

நீ ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் அறை எடுத்துக்கொண்டு அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்த புதிதில், என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "பழ ஈ வளர்க்கிறான்" என்று நான்தான் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு மாலாவைத் தாண்டிப் பாசாருக்கு மீன் வாங்கப் போக முடியவில்லை. "என்னா ஆன்டி, அவ்வளவு படிச்சுட்டு உங்க மகன் அங்க ஈ ஓட்டுறானாமே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். உன் அப்பா வாசலில் உட்கார்ந்தபடியே, "அவன் சம்பளம் வாங்கிக்கிட்டு ஓட்டுறான் மாலா. நான் லோரி ஓட்டுறத விட்டதுலேருந்து சும்மாவே ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். உன்னிடம் நானும் கேட்டேன் அல்லவா, சாமி மேடையில் வைக்கும் வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கிறதே, அதே ஈயா என்று. "அதே ஈதாம்மா" என்றாய். "அப்ப நம்ம வீட்டுலயே வேணுங்கிறது இருக்கே, எதுக்குடா வெளிநாட்டுலேருந்து ஈ பார்சல் எடுக்கிறீங்க?" என்றேன். நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் போதுமாக இருந்தது.

அந்த ஈக்கள் நம் வீட்டுக்கே வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கட்டடத்தில் மின்சார வேலை, குளிர்சாதனம் நிற்கும், ஈக்கு வெக்கை ஆகாது என்று சொல்லி, பாலிஸ்டைரின் பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு வந்து இறங்கினாய். ரயிலில் கொண்டுவந்தால் குலுங்கும் என்று ஒரு பெண் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டாள். அவள்தான் தாரணி, சுபாங் ஜெயாவில் பல் கிளினிக்கில் வேலை, பிரிக்பீல்ட்ஸ்காரி, தோழி என்று சொன்னாய். தோழி என்று சொல்லும்போது நீ உன் செருப்பைப் பார்த்துச் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. அந்தப் பிள்ளை காடியிலிருந்து வாசலுக்கு வருகிற நாலு எட்டுக்குக் குடை பிடித்தாள். தலையில் அகலத் தொப்பி, கை முழுக்க மூடின சட்டை. வெயிலில் கறுத்துவிடுவாளாம், பெரிய சீமாட்டி என்று மனதில் நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாள். தலைக்கு மேலே கடகடவென்று ஓடுகிற நம் காற்றாடியைப் பார்த்து, "ஆன்டி, இந்த பேனு உங்கள மாதிரியே நிறுத்தாம பேசுதே" என்றாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. உன் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் செய்கிற மாதிரி கொட்டாங்குச்சி நெருப்பில் சாம்பிராணி போட்டேன். கூடம், அடுப்படி, சாமான் அறை என்று மூலை விடாமல் காட்டினேன். தாரணி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். நீயும் அவளை வழியனுப்பப் பின்னாலேயே போனாய். எனக்குச் சுருக்கென்றது. சாமி புகைக்கு மூக்கைப் பொத்துகிற பிள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டே உன் அறைக்குள் நுழைந்தேன். மேசை மேலே அந்தக் குழாய்கள் வரிசையாக நின்றன. பஞ்சு அடைத்த வாய், உள்ளே தூசி மாதிரி சின்னச் சின்ன உயிர்கள். என் பிள்ளையின் பிழைப்பே இந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது, எத்தனை பேர் கண் பட்டிருக்கிறதோ, மாலா கண் ஒன்று போதாதா என்று தோன்றியது. அம்மனை வேண்டிக்கொண்டு, குழாய்களைச் சுற்றிச் சட்டியைக் காட்டினேன். அதோடு விட்டேனா? இன்னும் ஒரு பிடி சாம்பிராணி அள்ளிப் போட்டு, சட்டியை அங்கேயே தரையில் வைத்து, நன்றாகப் பிடிக்கட்டும் என்று கதவையும் சாத்திவிட்டு வந்தேன்.

நீ கதவைத் திறந்து "அம்மா!" என்று கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓடி வந்து பார்த்தால் எல்லா ஈயும் குழாய்க்கு அடியில் கிடந்தன. "தூங்குதாப்பா?" என்று கேட்டேன். நீ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாய். காலையில் பார்த்தபோது சிவப்புக் கோடு போட்ட குழாய்களில் இருந்தவை எழுந்து கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. நீலக் கோடு போட்டவற்றில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை எழவேயில்லை. நீ சாப்பாட்டு மேசையில் குழாய்களை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாய்.

"திட்டிடுடா. மனசுல வச்சுக்காத" என்றேன்.

"திட்டி என்னம்மா ஆகப்போகுது. மறுபடியும் மொதல்லேருந்து வளக்கணும்."

"அந்தப் புகையாலயா செத்துச்சு?"

"இருக்கலாம். ஒரு தடவ நடந்தத வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது."

"சிவப்பு எழுந்துருச்சே. நீலம் மட்டும் ஏன் எழலை?"

நான் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. அன்று அதில் ஒன்று. நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நம் உடம்புக்குள்ளே மாதிரியே ஈயின் உடம்புக்குள்ளும் காவல் உண்டு. கிருமி நுழைந்தால் மணி அடிக்கும், காவல் கிளம்பிப் போய் அடிக்கும். கெட்டுப்போன செல் பக்கத்துச் செல்லைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். இதெல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் அடித்து முடித்ததும் "போதும்" என்று சொல்ல ஒரு மரபணு வேண்டும். "நீல ட்யூப்ல இருக்கிற ஈக்கு அந்த 'போதும்'தான் ஒடஞ்சு போச்சு. பெரிய கிருமி ஒண்ணும் வராட்டியும் மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். நல்ல செல்லும் சாக ஆரம்பிக்கும். மொதல்ல குடல்ல. வெளியேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா சீக்கிரமே கெழவனாயிடும்" என்றாய். "அப்ப அதக் கொல்றது கிருமி இல்லையா?" என்று கேட்டேன். "பல நேரம் அதோட காவலே கொன்னுடும்மா" என்றாய்.

நான் திரும்பிச் சாமி மேடையைப் பார்த்தேன். தினமும் பூ வைக்கிற படம்தான். அம்மனுக்கு ஒரு கையில் சூலம். இன்னொரு கையில் ஒன்றும் கிடையாது, வெறும் உள்ளங்கையை நம் பக்கம் காட்டி உயர்த்தியிருப்பாள். பயப்படாதே என்று நமக்குச் சொல்கிற கை என்றுதான் இத்தனை வருஷமும் கும்பிட்டேன். அந்தக் கை சூலத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறதோ, போதும், நில் என்று? அந்தக் கை இல்லாத அம்மனை நினைத்துப் பார்த்தேன். சூலம் குத்திக்கொண்டே இருக்கும். அசுரன் செத்த பிறகும் குத்தும், பக்தனையும் குத்தும். உன்னிடம் இதைச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். "நாங்க எழுதறத விட நீ நல்லா சொல்ற" என்று சொல்லிவிட்டு, அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, அடுத்ததையும் சொன்னாய். "தாரணிக்கும் ஒடம்புல காவல் கொஞ்சம் ஜாஸ்திம்மா. லூப்பஸ்னு சொல்லுவாங்க. வெயிலு ஆகாது, பொகை ஆகாது, சில நாளு மூட்டெல்லாம் வீங்கிடும். மருந்து சாப்பிட்டா நல்லா இருப்பா. அவளத்தான் நான் கட்டிக்கணும்னு நெனைக்கிறேன்."

நான் அன்று கேட்ட கேள்வியை இங்கே எழுதக் கை கூசுகிறது. "அப்ப அந்தப் பொண்ணும் இந்த நீல ட்யூப் ஈ மாதிரியா?" என்றேன்.

"அவ ஈ இல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னாய். குரல்கூட உயரவில்லை. அப்புறம், ஈயில் ஒரே ஒரு மரபணுவை நீங்களே உடைத்து வைத்துப் பார்க்கிறீர்கள் என்றும், மனுசர் உடம்பில் அப்படி ஒன்று மட்டும் காரணமில்லை, என்னென்னவோ சேர்ந்து வருகிறது என்றும், பிள்ளைக்கு வருமா வராதா என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கமாட்டார் என்றும் பொறுமையாகச் சொன்னாய். எனக்கு அதில் "பிள்ளைக்கு வருமா" என்ற ரெண்டு சொல் மட்டும்தான் காதில் நின்றது. "சரி, ஜாதகம் வாங்கு, பார்ப்போம்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. பாவி, அது சம்மதத்துக்கு முதல் படி என்று நம்பிவிட்டாய்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியும். பெண் பிடிக்கவில்லை, குடும்பம் பிடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். "ஜாதகம் பொருந்தல" என்போம். அது பொய் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கல்லைத் துணியில் சுற்றி எறிகிற மாதிரி. தாரணியின் அம்மா பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவரே எனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். எப்போது வந்தது, எந்த மருந்து, எந்த மாசத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பிள்ளை பெற நினைத்தால் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதுவரை. "மறைச்சுக் கட்டிக்கொடுக்க எனக்கு மனசு வராதுக்கா" என்றார். மறுநாள் காலையில் ஜாதகத்தைப் போனில் அனுப்பினார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி வடிப்பதற்குள் நான் பதில் அனுப்பிவிட்டேன், பொருந்தவில்லை என்று. "சரிக்கா, சாமி சித்தம்" என்று ஒரு வரி வந்தது. நான் ஐயரைப் பார்க்கவில்லை, ஜாதகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தாய் என் பயத்துக்குச் சாமி பெயரை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து விளக்கு ஏற்றும்போது அம்மன் முகத்தைப் பார்க்காமல் திரியை மட்டும் பார்த்து ஏற்றினேன்.

நீ வந்து "எந்த ஐயரும்மா பார்த்தாரு?" என்று கேட்டாய். நான் மீன் கழுவினேன். "பேரு சொல்லும்மா" என்றாய். கழுவின மீனையே திரும்பவும் கழுவினேன். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். நீ கத்தவில்லை. "சனிக்கிழம லேபுக்கு வா. நீ கொன்ன ஈயோட சொந்தக்காரங்கள பார்க்கணும்ல" என்றாய்.

அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரி நாறும் என்று நினைத்து வந்தேன். கதவைத் திறந்ததும் ஆப்பத்துக்குக் கரைத்து வைத்த மாவு புளித்த வாசனை! சோள மாவும் ஈஸ்ட்டும் சீனியும் போட்டு ஈக்குக் களி கிண்டுகிறீர்கள் என்று அன்றுதான் தெரிந்தது. என் உயரத்துக்கு ஒரு வெள்ளை அங்கி இல்லாமல், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒன்றை மாட்டிவிட்டாய். பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். மாதுளை முத்து மாதிரி கண், சல்லாத் துணி மாதிரி இறக்கை. இத்தனை அழகை நான் பாட்டுக்குச் சாமி மேடையில் துணியால் அடித்து விரட்டியிருக்கிறேன். அப்புறம் இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். இரண்டிலும் நீலக் கோடு. ஒரே நாளில் பிறந்தவை என்றாய். ஒன்றில் பாதிக்கு மேல் அடியில் கிடந்தன. இன்னொன்றில் எல்லாம் கண்ணாடியில் ஏறுவதும் விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தன.

"இதுக்கு மட்டும் ஜீன சரி பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒடஞ்சது ஒடஞ்சதுதான். முட்டையிலேயே கழுவி, கிருமி இல்லாத சாப்பாட்டுல வளத்தோம். மணிய அடிக்க வைக்கிறது கொறஞ்சுடுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப இது சாகாதா?"

"சாகும்மா. எல்லாந்தான் சாகும். இது மத்த ஈ சாகிற மாதிரி சாகும்."

என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மா, இது ஈ. தாரணிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டேன்னு மாலாக்கா கிட்ட போய் சொல்லிவைக்காத" என்றாய். நான் அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. உன் தாரணி கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கமாட்டாள், கிருமி இல்லாத சோறு என்று ஒன்று கிள்ளானில் கிடைக்கவும் கிடைக்காது. நான் அந்த இரண்டு குழாயையும் பார்த்து வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். உடைந்ததை யாரும் ஒட்டவில்லை. சுற்றி இருந்தது மாறியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாய். நினைத்துக்கொண்டிருந்தது உன் சின்ன வயசை. நம் தாமான் வீடுகளில் எந்தப் பிள்ளைக்கோ சொறி வந்தது என்று கேள்விப்பட்டு, நீ குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் காலையும் மாலையும் தேய்த்தேன். உன் தோல் சிவந்து வெடித்தது. சொறி தொற்றிவிட்டது என்று இன்னும் கூட ஊற்றினேன். கடைசியில் கிளினிக்கில் டாக்டரம்மா உன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்க பிள்ளைக்கு ஒண்ணுமே வரலம்மா. நீங்க ஊத்துறதுதான் கடிக்குது" என்றார். பள்ளி முகாமுக்கு அனுப்பமாட்டேன் என்றது, ஆற்றில் இறங்கவிடாமல் கரையில் உட்கார வைத்தது, நீ தோழி என்று சொன்ன பிள்ளைகளையெல்லாம் வாசலிலேயே கேள்வி கேட்டு அனுப்பியது, எல்லாம் அந்தத் தண்ணீர்தான். உன் மேல் ஒரு தூசி படக்கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன். இப்போதும் அப்படித்தான் செய்தேன். அவளிடமிருந்து பேரப்பிள்ளைக்கு என்ன வந்துவிடுமோ என்று பயந்தேனே, என்னிடமிருந்து உனக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, தம்பி.

அதற்கு மறுநாள்தான் ஸ்டேஷனில் அந்தக் கேள்வியைக் கேட்டாய். செவ்வாய்க்கிழமை நான் பிரிக்பீல்ட்ஸ் போனேன். உன் அப்பா காடியில் விடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். "சண்டைக்கா போற?" என்றார். "இல்ல, தோக்கப் போறேன்" என்றேன். தாரணியின் அம்மா தையல் மிஷினில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளி, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், "ஜாதகம் பாக்கவே இல்லக்கா. பொருந்தலன்னு சொன்னது பொய். எனக்குப் பயம். சாமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். "தெரியும்க்கா. காலையில அனுப்புறேன், சோத்துக்கு முன்னாடி பதில் வருது. அவ்வளவு வேகமா பாக்கிற ஐயரு எந்தக் கோயில்ல இருக்காரு? எனக்கும் சொல்லுங்க, ரெண்டு மூணு ஜாதகம் இருக்கு" என்றார்.

நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். நெறைய இருக்கு. இப்ப நீங்க பயந்தேன்னு சொன்னீங்களே, அதுக்காக ஒக்காருங்க, தண்ணி குடிங்க. கல்யாணப் பேச்ச என்கிட்ட பேசாதீங்க. அவ வருவா, அவகிட்ட பேசுங்க. நம்ம ரெண்டு பேரும் அவள வச்சுக்கிட்டு நெறையப் பேசிட்டோம்."

தாரணி வேலை முடிந்து வந்தாள். வாசலில் குடையை மடக்கினாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் லேசாகச் சிவந்திருந்தது. அன்று முதல்முறை வந்தபோதும் அப்படித்தான் இருந்தது, நான் அதைப் பவுடர் பூச்சு என்று நினைத்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை தம்பி, நம்பு. கடைசியில் வந்த ஒரே கேள்வி, "என் வீட்டுல ஒனக்கு என்னென்ன ஆகாதும்மா?" என்பதுதான். "யாரும் இதுவரைக்கும் அப்படிக் கேட்டது இல்ல ஆன்டி. எனக்கு என்ன இருக்குன்னுதான் கேப்பாங்க" என்றாள். வெயில், புகை, தூக்கம் கெடுவது என்று சொல்லிவிட்டு, "அப்புறம், 'ஐயோ பாவம்'னு பாக்கிறது. அது எல்லாத்தையும் விட ஜாஸ்தி வீங்க வைக்கும்" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க" என்று சிரித்தாள். "அப்ப எம்மகனக் கட்டிக்கிறியாம்மா?" என்றேன். "யோசிக்கணும் ஆன்டி. நீங்க வேண்டாம்னு சொன்னப்ப நான் அழுதேன். அது முடியட்டும்" என்றாள். அவள் சொன்னது நியாயம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரயிலேறி வந்தேன்.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ அவளைக் கட்டிக்கலாம். உன் அம்மா பேசுகிறாள், ஜாதகம் பேசவில்லை. ஆனால் ஒன்று. நீ என் பிள்ளை. காவல் உன் இரத்தத்திலும் ஜாஸ்தி. அவள் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய், படியேறாதே, அதைத் தொடாதே, இதைத் தின்னாதே என்பாய், மணிக்கொரு தரம் போன் செய்வாய். எல்லாம் அன்புதான். என் கிருமிநாசினியும் அன்புதான். அவள் உடம்புக்குள் ஏற்கெனவே நிறுத்தத் தெரியாத ஒரு காவல் இருக்கிறது. வெளியே நீ இன்னொன்றாக நிற்காதே. என்ன வேண்டும் என்று அவளைக் கேள், கேட்டதைச் செய், அதோடு நில். நிற்கத் தெரியாதபோது நம் வீட்டு அம்மன் படத்தைப் பார்த்துக்கொள். நீ கோயிலுக்கு வந்து ரொம்ப நாளாகிறது, அதை இன்னொரு கடிதத்தில் திட்டுவதற்காக வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், பிறந்ததுக்கு எது வந்தாலும் வராவிட்டாலும், அந்த மணியை நான் இனி அடிக்கமாட்டேன். அடித்தால், "அம்மா, போதும்" என்று சொல். சொல்ல உனக்கு உரிமை கொடுக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாம்பிராணியை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே, அது என் உயிர் இருக்கும்வரை உண்டு. சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து, சாக்கடை ஓரமாக வைத்து, நெருப்பில் ஒரு சிட்டிகை மட்டும் போட்டு, தெருவைப் பார்த்துக் கும்பிட்டேன். புகை நேராக மாலா வீட்டுக்குப் போனது. "என்னா ஆன்டி, எனக்குத் திஷ்டி கழிக்கிறீங்களா?" என்று கத்தினாள். "ஒன் கண்ணுக்குத்தான்டி" என்றேன். அப்போது தெருமுனையில் ஒரு காடி வந்து நின்றது. கிட்டே வரவில்லை. கண்ணாடி ஏற்றியபடியே நின்றது. யார் என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன்னிடம் அவள் சொல்லியிருக்கமாட்டாள், சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், இந்தக் கடிதத்தில் நானே சொல்வதற்காக.

நான் ஓடிப் போய் நெருப்பில் தண்ணீர் ஊற்றவில்லை. அவளும் ஹார்ன் அடிக்கவில்லை. சாமிக்குப் போட்டது எரிந்து முடியட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம், அவள் அங்கே, நான் இங்கே. உன் அப்பா மட்டும் பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, மாலா திட்டத் திட்டப் புகையை அந்தப் பக்கமாக விசிறிக்கொண்டிருந்தார். புகை மெலிந்து, சட்டியில் சாம்பல் மட்டும் மிஞ்சியது. நான் தெருமுனையைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன், முடிந்தது, வா என்று.

காடியின் கண்ணாடி இறங்கியது.

அம்மா